கூடம் கோணல்

மூன்றடி. என் சின்ன மகளைப் புல்லில் படுக்க வைத்தால் அவ்வளவுதான் இருப்பாள். அந்தத் தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ள வேண்டும். காற்று இல்லை, சரிவு இல்லை, குறுக்கே யாரும் வரப்போவதில்லை. பந்து அசையாமல் எனக்காகக் காத்திருக்கிறது. தள்ளினேன். குழியின் வலது விளிம்பில் ஏறி, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, வெளியே போய் நின்றது. அன்று காலையில் மட்டும் இது நான்காவது முறை.

கோல்ஃப் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். எனக்கும் அமெரிக்கா வரும்வரை அது தமிழ் சினிமாவில் கதாநாயகியின் அப்பா ஆடுகிற ஆட்டம்தான். பக்கத்தில் ஒருவர் போனை நீட்டுவார், இவர் பந்தைப் பார்த்துக்கொண்டே ‘அந்தப் பையனை முடிச்சிடு’ என்பார். அரிசோனாவில் சேண்ட்லருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் யார் வேண்டுமானாலும் போய் ஆடக்கூடிய பொது மைதானங்கள் உண்டு என்பதே தெரிந்தது. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது கட்டணமும் நன்றாக இறங்கும். விடிகாலை ஐந்தரைக்குப் போனால் ஆபீஸ் மீட்டிங்குக்குள் ஒன்பது குழிகள் ஆடிவிட்டு வந்துவிடலாம். பாலைவனத்தில் தண்ணீர் ஊற்றிப் புல் வளர்த்து அதில் பந்து உருட்டுவது சரியா என்பது தனிக் கட்டுரை. அதை எழுதினால் நான் ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கும். அதனால் இன்னும் எழுதவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: தூரத்திலிருந்து பந்தைப் பறக்கவிட்டு, ஒட்ட வெட்டிய புல்தரைக்குக் கொண்டு வருவீர்கள். அதற்கு க்ரீன் என்று பெயர். அங்கிருந்து பந்தை உருட்டி, நாலேகால் அங்குலக் குழிக்குள் விழ வைக்க வேண்டும். உருட்டுவதற்கென்றே இருக்கும் மட்டைதான் பட்டர். (வெண்ணெயும் இல்லை, பெருமாள் கோயில் பட்டரும் இல்லை. வேறு வார்த்தை கிடைக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒரு மைதானத்துக்கு 72 அடி என்று கணக்கு வைத்தால், அதில் குழிக்கு இரண்டாக 36 இந்த உருட்டலுக்கு ஒதுக்கப்பட்டவை. பாதி ஆட்டம். ஐந்து வயதுக் குழந்தைகூடச் செய்துவிடும் என்று தோன்றுகிற பாதி.

என் பட்டர் ஒல்லியான பிளேடு வகை. பழையது வாங்கியது, நாற்பது டாலர். நான்கு வருடம் அதோடு குடும்பம் நடத்தினேன். வலதுபக்கம் தவறும்போதெல்லாம் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். தலையைத் தூக்கிட்டே, அவசரப்பட்டுட்டே, மனசு இங்க இல்ல. யூடியூப் பார்த்தேன். மூச்சுப் பயிற்சி செய்தேன். வீட்டு ஹாலில் கார்ப்பெட்டின் மேல் தினமும் அரைமணி நேரம் உருட்டினேன். ‘காபி டம்ளர ஏன் கீழ படுக்க வெச்சிருக்கீங்க?’ என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

பயிற்சி க்ரீனில் தினமும் பார்க்கிற ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நான்காவது தவறலைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். அவர் கையில் இருந்ததைப் பட்டர் என்று சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. தோசைக்கல்லைப் பாதியாக வெட்டிக் குச்சியில் மாட்டியது மாதிரி ஒரு தலை. தண்டு வழக்கமான இடத்தில் இல்லாமல் நட்டநடுவே இறங்கியது.

‘இதுல பத்து பந்து தள்ளிப் பாரு’ என்றார்.

ஏழு உள்ளே போனது.

அவர் சிரிக்கவில்லை. என் பட்டரை வாங்கி, தண்டை விரல்மேல் கிடைமட்டமாக வைத்துச் சமன் செய்தார். தலையின் நுனி தானாகக் கீழே தொங்கியது. பிறகு தன்னுடையதை வைத்தார். அது எந்தப் பக்கமும் தொங்காமல், எப்படி வைத்தாரோ அப்படியே நின்றது.

இன்ஜினியரிங் முதல் வருடத்தில் படித்த மெக்கானிக்ஸ் வாழ்க்கையில் முதல்முறையாக உதவியது. தண்டு ஒரு பக்கம், எடையின் மையம் இன்னொரு பக்கம் இருந்தால், வீசும்போது தலை தண்டைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். கதவு கீலைச் சுற்றித் திரும்புவது போல. இது குறை இல்லை. கையை லேசான வில் போல வளைத்து வீசுகிறவர்களுக்கு அந்தத் திரும்பல் உதவி. பின்னால் போகும்போது திறந்து, முன்னால் வரும்போது சரியாக மூடிக்கொள்ளும். ஆனால் நான் தாம்பரத்தில் தெருக் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். நேர் மட்டை. பின்னால் நேராக, முன்னால் நேராக. என் கை கதவை மூடுவதே இல்லை. அதனால் முகம் திறந்தபடியே வந்து பந்தை வலதுபக்கம் அனுப்புகிறது. ஆறடியிலிருந்து முகம் இரண்டு டிகிரி திரும்பியிருந்தால் போதும், பந்து குழிக்கு வெளியே. கடிகாரத்தின் பெரிய முள் இருபது விநாடியில் நகர்கிற அளவுதான் இரண்டு டிகிரி.

அவர் கையில் இருந்தது முறுக்கே இல்லாத வகை. தண்டின் கோடு எடையின் மையம் வழியாகவே போகும்படி செய்திருக்கிறார்கள். தலைக்குத் திரும்பக் காரணம் இல்லை. 2025 யு.எஸ். ஓப்பனில் ஜே.ஜே. ஸ்பான் கடைசிக் குழியில் 64 அடியிலிருந்து உருட்டி உள்ளே போட்டு ஜெயித்தது இந்த வகைப் பட்டரால்தான். அதற்குப் பிறகு கடைகளில் இதற்குக் கிராக்கி. நானூறு டாலருக்குமேல் விலை.

வண்டியில் வீட்டுக்கு வரும்போது மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். அம்மாவின் குரல்தான் காதில் கேட்டது. ‘ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.’

கணக்கில் மார்க் குறைந்து வினாத்தாள் கஷ்டம் என்றால் இதைச் சொல்வாள். பேனா சரியில்லை என்றால் சொல்வாள். அப்பா ஸ்கூட்டரைச் சறுக்கி விழுந்து ரோட்டில் மணல் என்றபோதுகூட, டிஞ்சர் போட்டுக்கொண்டே சொன்னாள். நம் வீடுகளில் இது பழமொழி இல்லை, தீர்ப்பு. உலகத்தைக் குறை சொல்வதற்கு முன் உன்னைப் பார். நல்ல அறிவுரைதான். என்னை இன்ஜினியராக்கியதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் அன்று முதல்முறையாக ஒன்று உறைத்தது. அந்தப் பழமொழியில் யாரும் கூடத்தை அளந்து பார்ப்பதில்லை. அவள் சொல்கிறாள், நாம் சிரிக்கிறோம், கதை முடிந்தது. ஒருவேளை நிஜமாகவே கூடம் கோணலாக இருந்திருந்தால்?

பட்டரின் வரலாற்றைப் படித்தால், கூடம் கோணல் என்று சொன்னவர்களின் வரலாறாகவே இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் நியூயார்க் மாகாணத்தின் ஷெனெக்டடி ஊரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆர்தர் நைட் என்ற இன்ஜினியருக்குப் பட்டிங் சரியாக வரவில்லை. தண்டை ஓரத்திலிருந்து எடுத்து, தலையின் நடுப்பகுதிக்கு நகர்த்தி ஒன்று செய்தார். வால்டர் டிராவிஸ் அந்த ஷெனெக்டடி பட்டரை வைத்துக்கொண்டு, 1904-இல் இங்கிலாந்தின் சாண்ட்விச்சில் நடந்த பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டியை ஜெயித்துவிட்டார். ஓர் அமெரிக்கர் அதை ஜெயித்தது அதுவே முதல்முறை. 1910-இல் ஸ்காட்லாந்தில் இருக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு அந்த மாதிரிப் பட்டர்களைத் தடை செய்தது. அமெரிக்க அமைப்பு தடை செய்யவில்லை. ஒரே ஆட்டம், கடலுக்கு இந்தப் பக்கம் நேர்மை, அந்தப் பக்கம் குற்றம். 1950களின் தொடக்கத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி விதிகளை ஒன்றாக்கும்வரை இப்படித்தான்.

இரண்டாவது ஆளை எனக்கு மிகவும் பிடிக்கும். கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்தவர், சியாட்டிலில் செருப்பு தைத்தவர், பிறகு இன்ஜினியர். வேடிக்கை என்னவென்றால் இவரும் ஜெனரல் எலெக்ட்ரிக்தான். நாற்பது வயது தாண்டி சக ஊழியர்கள் கூப்பிட்டார்கள் என்று ஆடப் போனார். பட்டிங் வரவில்லை. வந்த கோபத்தில் பட்டரைத்தான் குறை சொன்னார். எந்த ஆபீஸிலும் இப்படி ஒருவரைப் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? அவருடைய வாதம் எளிமையானது: எடை நடுவில் குவிந்திருப்பதால், பந்து சற்றுத் தள்ளிப் பட்டாலும் தலை திருகுகிறது. எடையை இரண்டு ஓரங்களுக்கும் ஒதுக்கினால் திருகாது. 1959-இல் வீட்டு கராஜில் செய்த முதல் பட்டர் பந்தைத் தொட்டபோது ‘பிங்’ என்று சத்தம் வந்தது, அதையே பெயராக வைத்தார். 1966-இல் அடுத்த மாடல். ‘ஆன்சர்’ என்று பெயர் யோசித்தது அவர் மனைவி லூயிஸ். முழு எழுத்துகளும் தலையில் பொறிக்க இடம் போதாததால் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை எடுத்துவிடச் சொன்னதும் அவர்தான். அந்த வடிவத்தைக் காப்பியடிக்காத கம்பெனி இன்று உலகத்தில் இல்லை. சோல்ஹைமின் நிறுவனம் இப்போதும் என் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில், ஃபீனிக்ஸில் இருக்கிறது.

என் நாற்பது டாலர் பட்டரும் அந்த வடிவத்தின் ஏதோ ஒரு காப்பிதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். ஒரு மனிதர் தன் கோணல் கூடத்தை நிமிர்த்தி எடுத்த அதே வடிவம், அறுபது வருடம் கழித்து எனக்குக் கோணல் கூடமாக இருக்கிறது. அவர் தப்பாகச் செய்துவிட்டாரா? இல்லை. வில் போல வீசும் லட்சம் பேருக்கு அது இன்றைக்கும் நேராகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் கோணல் என்பது கூடத்தில் மட்டும் இல்லை, ஆடுகிறவரிடம் மட்டும் இல்லை. இந்தக் காலுக்கும் இந்தத் தரைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அம்மாவின் பழமொழி யாராவது ஒருவரைக் குற்றவாளியாக்காமல் விடாது. நிஜத்தில் பாதி நேரம் குற்றவாளியே கிடையாது.

எதிர்த்தரப்பு வாதமும் எனக்குத் தெரியும், அது லேசானதும் இல்லை. அதன் பெயர் நடுக்கம்.

கோல்ஃபில் யிப்ஸ் என்று ஒன்று உண்டு. நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறவரின் கை, குட்டையான பட்டிங்கில் மட்டும் திடீரென்று வெட்டி இழுக்கும். எழுத்தர்களுக்கு எழுதும்போது மட்டும் விரல் முறுக்கிக்கொள்வது போல, சிலருக்கு இது நரம்புக் கோளாறு. சிலருக்குப் பதற்றம். சிலருக்கு இரண்டும். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் இதில் பலமுறை விழுந்து பலமுறை எழுந்தவர். 1991 ரைடர் கோப்பை முழுவதும் அவருடைய ஆறடி பட் ஒன்றில் வந்து நின்றது. தவறவிட்டார். ஐரோப்பா தோற்றது. அடுத்த வாரமே ஜெர்மனியில் ஒரு போட்டியை ஜெயித்தார் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. கையை மாற்றிப் பிடித்தார், பட்டரை முழங்கையோடு சேர்த்து இறுக்கினார், கடைசியில் நெஞ்சுயர நீளப் பட்டருக்கு வந்தார்.

நீளப் பட்டரின் மேல்நுனியை நெஞ்சிலோ, சற்றுக் குட்டையானதை வயிற்றிலோ ஊன்றிக்கொண்டால் அது ஊஞ்சல் மாதிரி ஆகிவிடும். கை நடுங்கினாலும் பெரிதாகத் தெரியாது. 2011-இல் கீகன் பிராட்லி, 2012-இல் வெப் சிம்ப்சன், எர்னி எல்ஸ், 2013-இல் ஆடம் ஸ்காட் என்று வரிசையாகப் பெரிய போட்டிகளை இப்படி ஊன்றி ஜெயித்தார்கள். 2016 ஜனவரி 1 முதல் ஊன்றுவது தடை. பட்டர் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம், உடம்பில் ஊன்றக்கூடாது. கையால் சுதந்திரமாக வீசுவதுதான் ஆட்டம், அதில் வரும் நடுக்கமும் ஆட்டத்தின் பகுதி என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் எண்ணம்.

முதலில் படித்தபோது இது எனக்குக் கொடூரமாகப் பட்டது. பிறகு அவ்வளவு நிச்சயமில்லை. நடுக்கத்தை முழுவதும் எடுத்துவிட்டால் மூன்றடி பட் என்பது என்ன? பூமி ஈர்ப்பைச் சரிபார்க்கும் ஒரு சோதனை. அது என்னைப் பயமுறுத்துவதால்தான் நான் காலை ஐந்தரைக்கு எழுந்து வருகிறேன். ஆக ஒவ்வொரு விளையாட்டும், ஒருவேளை ஒவ்வொரு தொழிலும், எந்தக் கஷ்டத்தை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது என்று ஓர் இடத்தில் கோடு போட்டாக வேண்டும். கோடு போடுவது தப்பில்லை. எதை எதற்காக வைத்திருக்கிறோம் என்று யாராவது கேட்கும்போது ‘நாங்கல்லாம் இப்படித்தான் ஆடினோம்’ என்பதைத் தவிர வேறு பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லாங்கர் தடைக்குப் பிறகும் அதே நீளப் பட்டரை வைத்திருந்தார், நெஞ்சிலிருந்து கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு. தொடுகிறதா, சட்டைதான் உரசுகிறதா என்று 2017-இல் டிவியில் பார்த்துப் பார்த்துச் சண்டை போட்டார்கள். விதி சொன்னது: வேண்டுமென்று ஊன்றினால்தான் குற்றம். அமெரிக்க அமைப்பும் அவர்மேல் தப்பில்லை என்று அறிக்கை விட்டது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு மனிதரின் நேர்மை. உள்ளே இருக்கும் எண்ணத்தை வெளியே இருந்து யார் அளப்பது? அவரும் அசரவில்லை. 2023-இல் சீனியர் யு.எஸ். ஓப்பனை 65 வயதில் ஜெயித்தார்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நானூறு டாலர் கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, தொழில் புத்தி. பெரியவரிடம் ஒரு வாரம் கடன் வாங்கினேன். ஆறடியிலிருந்து ஐம்பது பந்து. என் பழைய பட்டரில் 21. புதியதில் 31. நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஐந்தாம் நாள் பழையதை எடுத்து மறுபடி ஐம்பது தள்ளினேன். 27.

ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். எந்தப் புதுப் பட்டரும் இரண்டு வாரம் வேலை செய்யும். புது மாப்பிள்ளைக்கு முதல் தீபாவளி மாதிரி. ‘தவறினால் நான் காரணமில்லை’ என்ற நினைப்பே கையைத் தளர்த்தியிருக்கலாம். தளர்ந்த கை பழைய பட்டரிலும் நன்றாக ஆடியிருக்கலாம். அப்படியென்றால் 31-இல் எவ்வளவு பட்டர், எவ்வளவு நான்? ஐம்பது பந்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் தெரியும். தூரம் வேறு கணக்கு. முப்பதடியிலிருந்து தள்ளினால் புதுத் தோசைக்கல்லில் எட்டடி தாண்டிப் போய் நின்றது. அங்கே நிஜமாகவே ஆடத் தெரியாதவன் நான்தான்.

இருந்தும் வாங்கினேன். கடையில் இருந்த பையனிடம், பழையது வலதுபக்கம் இழுக்கிறது என்றேன். ‘ஆமா சார், உங்க ஸ்ட்ரோக்குக்கு அது ஒத்துவராது’ என்றான், நான் தள்ளுவதைப் பார்ப்பதற்கு முன்பே. பணம் கையில் இருக்கிறவன் கூடம் கோணல் என்றால் எல்லாரும் உடனே மட்டப்பலகை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்த நொடியில்தான் அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். உண்மையில் இந்தக் கட்டுரை அவளைப் பற்றித்தான், அவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன். நான் இங்கே, டீம் சென்னை ஓஎம்ஆரில். அவள் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். பழைய ஆர்டர் விவரங்களைத் துடைக்கும் ஒரு ஸ்கிரிப்ட், அதைச் சோதனை சர்வரில் ஓட்டச் சொல்லியிருந்தோம். அந்த ஸ்கிரிப்டில் எங்கே ஓட வேண்டும் என்று ஒரு வார்த்தை கூடவே தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அது நேராக ப்ரொடக்ஷனில், அதாவது வாடிக்கையாளர்கள் அந்த நிமிடத்தில் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிஜ சர்வரில் ஓடும். இரவு பதினொரு மணிக்கு அவள் அந்த வார்த்தையை விட்டுவிட்டாள். பேக்கப்பிலிருந்து மீட்க ஆறு மணி நேரம் ஆனது.

மறுநாள் காலில் அவள் குரல் சன்னமாக இருந்தது. ‘அண்ணா, ரெண்டு ஸ்க்ரீனும் ஒரே மாதிரி இருக்குண்ணா. எதுவும் கேக்காம ஓடிடுது. ஒருதடவ “நிச்சயமா?”னாவது கேட்டிருக்கலாம்.’

நான் சிரித்தேன். ‘ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்’ என்றேன். காலில் இருந்த மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். இறுக்கத்தைக் குறைக்கத்தான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ‘அடுத்த தடவ பாத்து பண்ணும்மா.’ அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் ‘மனிதத் தவறு’ என்று எழுதியதும் நான்தான். அந்த வருடம் அவளுக்கு ரேட்டிங் குறைந்தது. நான்கு மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டாள்.

அறிக்கையில் எழுதாத ஒன்று. அந்த ஸ்கிரிப்டை எழுதியவன் நான். அதற்கும் பல வருடம் முன்னால், அதை நான் ஒருவன் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில். எனக்கு எப்போதும் ப்ரொடக்ஷனில்தான் வேலை. ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை தட்டுவது எரிச்சலாக இருந்தது, அதனால் அதையே இயல்பாக வைத்துவிட்டேன். எனக்கு அந்தக் கூடம் அவ்வளவு நேர். ஒருமுறை நானும் அந்த வார்த்தையை மறந்து தட்டி, இரண்டாவது விநாடியில் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். டீ குடித்துவிட்டு மறந்துபோனேன். தத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, அற அதிர்ஷ்டம். 1970களில் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதைப் பற்றி எழுதினார்கள். பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டி ஓட்டும் இருவரில், ஒருவனின் முன்னால் மட்டும் குழந்தை ஓடிவருகிறது. தப்பு ஒன்றுதான். ஒருவன் கொலைகாரன், இன்னொருவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். விளிம்பில் ஏறிய பந்து சிலருக்கு உள்ளே விழும்.

இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் சக்கரத்தை உள்ளே இழுத்துவிட்டார்கள், விமானம் வயிற்றால் உட்கார்ந்தது. விமானியின் தவறு என்றே எழுதினார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். இறக்கை மடிப்புக்கும் சக்கரத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி சுவிட்சுகள். சக்கரத்தின் சுவிட்சில் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்றை மாட்டினார், மற்றதில் ஆப்பு வடிவம். அந்தத் தவறு போயிற்று. விமானிகளுக்கு யாரும் மூச்சுப் பயிற்சி சொல்லித்தரவில்லை. இதை நான் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

பட்டர் விஷயத்தில் நான்கு வருடம் என்னையே திட்டிக்கொண்டதை ஒரு பண்பாக நினைத்திருந்தேன், அடக்கம் என்று. அந்த அளவுகோலை அடுத்தவர்மேல் வைத்தபோது அதன் பெயர் அடக்கம் இல்லை. என்னை நான் திட்டிக்கொண்டால் நஷ்டம் நான்கு வருடப் பந்துகள். அவளைச் சொன்னபோது நஷ்டம் அவளுடையது, லாபம் என்னுடையது. கூடம் கட்டியவனே மேடை ஓரத்தில் நின்று அந்தப் பழமொழியைச் சொல்லக்கூடாது என்று பழமொழியில் எங்கும் இல்லை. ஆடத் தெரியாத‘வள்’ என்று இருப்பதும் தற்செயல் இல்லை என்று இப்போது படுகிறது.

போன மாதம் லிங்க்ட்இன்னில் அவளைத் தேடிப் பிடித்தேன். பெங்களூரில் இருக்கிறாள், என்னைவிடப் பெரிய வேலையில். மூன்று நாள் எழுதி எழுதி அழித்துவிட்டு, கடைசியில் சுருக்கமாக அனுப்பினேன். ஸ்கிரிப்ட் நான் எழுதியது, தப்பு அதில் இருந்தது, அன்றைக்கு அதை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துவிடு. பட்டரைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அதை எப்படி எழுதுவது?

அன்று இரவே பதில் வந்தது. ‘பரவால்லண்ணா, அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு. அந்த ஸ்கிரிப்ட மாத்திட்டீங்களா?’

நான் அந்த டீமை விட்டு வந்து இரண்டு வருடம். இருந்தாலும் பார்க்கிற உரிமை இருந்தது, திறந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. கீழே யாரோ ஒரு குறிப்பு மட்டும் சேர்த்திருந்தார்கள்: கவனமாக ஓட்டவும். நான்கு வரி மாற்றினேன். வார்த்தை தட்டாவிட்டால் எங்கும் ஓடாது, தட்டினால் சர்வரின் பெயரைச் சிவப்பில் காட்டி, மறுபடி அதையே தட்டச் சொல்லும். பத்து நிமிட வேலை. டீமின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டு மைதானத்துக்குப் போனேன். அன்று புதுப் பட்டரில் மூன்றடி பட் இரண்டை விட்டேன், இரண்டும் இடதுபக்கம்.

திரும்பி வந்து பார்த்தால் ஒப்புதல் தர வேண்டிய பையன் ஒரு வரி எழுதியிருந்தான். ‘ஜி, நல்லாத்தான ஓடிட்டிருக்கு, இப்ப எதுக்கு இது? மறுபடி யாராச்சும் தப்பு பண்ணிட்டாங்களா?’